காலையில பாடும், மத்தியானம் கரகரக்கும்: ஒரு ஜெர்மேனியம் ரேடியோவும் 27 டிகிரியிலேயே நிக்கிற சிமுலேட்டரும்

பின்னணி

திருச்சிப் பக்கம் ஒரு வீடு. ரேடியோ அந்த வீட்டு அப்பத்தாவோடது, சரியாச் சொன்னா அவங்க வீட்டுக்காரர் வாங்குனது. நாலு பெரிய பேட்டரி கட்டை போடுற டிரான்சிஸ்டர் செட்டு, 6 வோல்ட், மீடியம் வேவ் ஒண்ணு, ஷார்ட் வேவ் ரெண்டு. கூடவே போஸ்ட் ஆபீஸ்ல முத்திரை குத்துன பழைய ரேடியோ லைசென்ஸ் புக்கு ஒண்ணு இருந்துச்சு, அதுல முதல் முத்திரை 1972. அதனால செட்டோட வயசு பத்தி யாருக்கும் சந்தேகம் இல்ல.

அப்பத்தாவோட பேரன், இங்க தம்பின்னே சொல்றேன், ஈசிஇ படிச்சுட்டு வேற வேலை பாக்குறான், சாயங்காலம் பொழுதுபோக்குக்கு எல்டிஸ்பைஸ்ல (கம்ப்யூட்டர்ல சர்க்யூட்ட ஓட்டிக் காட்டுற சிமுலேட்டர், சுருக்கமா ஸ்பைஸ்) பழைய சர்க்யூட் வரஞ்சு ஓட்டிப் பாக்குறது அவனுக்குப் பழக்கம். இன்னொருத்தர் ரிட்டயர் ஆன ரேடியோ மெக்கானிக், எல்லாரும் ஐயான்னு கூப்பிடுவோம். நான் ரெண்டு பேருக்கும் நடுவுல உக்காந்து ரீடிங் எழுதுன ஆளு. செட்டோட பிராண்டு இங்க தேவையில்ல, ஏன்னா கோளாறு கம்பெனி செஞ்சது இல்ல.

அப்பத்தா சொன்ன கம்ப்ளெயின்ட் இதுதான்: "மார்கழியில நல்லாப் பாடுதுப்பா, வெயிலுக்குத்தான் ஆகமாட்டேங்குது. மத்தியானம் போட்டா கொஞ்ச நேரத்துல தொண்ட கட்டிக்கிது." கேட்டவங்க எல்லாம் பேட்டரி வீக்குன்னு சொல்லி புதுக் கட்டை வாங்கிக் குடுத்துக்கிட்டே இருந்திருக்காங்க, அதுவும் சீக்கிரம் தீந்து போயிருக்கு. அந்த ஒரு வாக்கியத்துல கோளாறு முழுசா இருக்கு, ஆனா அப்ப யாரும் அதை ரீடிங்கா எடுத்துக்கல.

முதல்ல என்ன பாத்தாங்க

தம்பி பழைய செட்டுக்கு எல்லாரும் செய்யுற சடங்கைத்தான் முதல்ல செஞ்சான், எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சர் அத்தனையும் மாத்திட்டான். சவுண்டு கொஞ்சம் கூடுச்சு, கோளாறு அப்படியே இருந்துச்சு.

நடுவுல ஷார்ட் வேவ் மொத்தமா செத்துப் போய் ஒரு சுத்து சுத்த விட்டுச்சு. அது வேற கதை, ஆனா பழைய செட்டு தொடுறவங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும். ஸ்டேஷன் அலைய வாங்கிப் பெருக்குற ஆர்எஃப், ஐஎஃப் ஸ்டேஜ்ல இருந்தது ஏஎஃப்115, ஏஎஃப்117 வகை டிரான்சிஸ்டர். அந்த வரிசையில உலோக டப்பாவுக்குள்ள வெள்ளீய முடி வளரும், தலைமுடிய விட மெல்லிசா, அது வளந்து போய் டிரான்சிஸ்டரோட கலெக்டர் காலையோ பேஸ் காலையோ டப்பாவோட ஷார்ட் பண்ணிரும். டப்பா நாலாவது கால் வழியா எர்த்துல இருக்குறதால ஸ்டேஜ் ஊமையாயிரும். அந்த நாலாவது கால மட்டும் கட் பண்ணி விட்டா பெரும்பாலும் உயிர் வந்துரும், ஐயா கட்டர எடுத்து ஒரே வெட்டு, ஸ்டேஷன் வந்துருச்சு. இதை எந்த சிமுலேட்டரும் சொல்லாதுங்கறது தனி விஷயம்.

அப்புறம் ஒழுங்கா பிரிச்சுப் பாத்தாங்க. மொபைல்ல இருந்து ஒரு கண்டன்சர் வழியா பாட்ட வால்யூம் கன்ட்ரோல்ல குடுத்தாங்க. மத்தியானம் அதே கரகரப்பு வந்துச்சு. அப்ப டியூனர் பக்கம் குத்தமில்ல, ஆடியோ பக்கம்தான். ஆடியோல இருக்குறது ஒரு டிரைவர் டிரான்சிஸ்டர், டிரைவர் டிரான்ஸ்ஃபார்மர், புஷ்புல்லா (அலையோட ஒரு பாதிய ஒண்ணு, மறு பாதிய இன்னொண்ணு பெருக்கும்) ரெண்டு ஏசி128 ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர், ஸ்பீக்கர். அந்தக் காலத்து பாக்கெட் செட்டுல இருந்து டேபிள் செட்டு வரைக்கும் பாதிக்கு மேல இந்த அமைப்புதான், ரெண்டு ஏசி128லயும் பெங்களூர் பெல் (பாரத் எலக்ட்ரானிக்ஸ்) முத்திரை தெளிவா இருந்துச்சு.

பேட்டரிக்கு சீரியல்ல மில்லிஆம்ப் மீட்டர் போட்டு, வால்யூம ஜீரோல வச்சு, சும்மா நிக்கிறப்ப எவ்வளவு இழுக்குதுன்னு பாத்தாங்க. விடியக்காலையில 14 மில்லிஆம்ப், அரை மணி நேரம் கழிச்சும் கிட்டத்தட்ட அதே. மத்தியானம் அதே செட்டு ஆன் பண்ணதும் இருபதுக்கு மேல, அப்புறம் 25, 32, 45ன்னு ஏறிக்கிட்டே போச்சு, 60ஐத் தொட்டதும் ஐயா ஸ்விட்ச அணைக்கச் சொல்லிட்டாரு. ஏசி128 ரெண்டும் விரல் வைக்க முடியாத சூடு. ஃபேன திருப்பி வச்சு மறுபடி போட்டா ஏத்தம் மெதுவாகுது, நிக்கல.

சிமுலேஷன், முதல் சுத்து

பின்மூடிக்குள்ள சர்க்யூட் பேப்பர் ஒட்டியிருந்துச்சு. முக்காவாசி படிக்கலாம், ஒரு மூலைய ராமபாணப் பூச்சி தின்னுருச்சு, தின்ன இடம் சரியா அவுட்புட் ஸ்டேஜோட பயாஸ் பக்கம், அதாவது டிரான்சிஸ்டர லேசா திறந்து வைக்கிற வோல்டேஜ் குடுக்குற இடம். தம்பி பேப்பர்ல தெரிஞ்சத அப்படியே வரஞ்சான், தெரியாத இடத்துக்கு போர்டுல இருக்குறத பாத்துப் போட்டான்: மேல 2.2 கிலோ ஓம்ஸ், கீழ 100 ஓம்ஸும் 120 ஓம்ஸும் பேரலல், நடுப்புள்ளி டிரைவர் டிரான்ஸ்ஃபார்மரோட சென்டர் டேப்புக்கு (சுத்தோட நடு முனை). எமிட்டர் ரெண்டும் நேரா எர்த்துல. கீழ ரெண்டும் சேந்து 54.5 ஓம்ஸ், கணக்குப் போட்டா பேஸுக்கு 0.145 வோல்ட்.

இது பிஎன்பி வகை டிரான்சிஸ்டர் போட்ட செட்டு, பேட்டரி பிளஸ்தான் எர்த்து. சிமுலேட்டர்ல சப்ளைய மைனஸ் 6ன்னு குடுக்கணும், இல்லன்னா எல்லாம் தலைகீழா வரும். தம்பிக்கு அது தெரியும், சரியாத்தான் குடுத்தான்.

மாட்டிக்கிட்டது வேற இடத்துல. எல்டிஸ்பைஸோட கூட வர்ற லிஸ்ட்ல ஏசி128 இல்ல. அதனால ஒரு பிஎன்பி வேணும்னு 2என்3906ஐ எடுத்துப் போட்டான். அது சிலிக்கான். ஓட்டிப் பாத்தா சும்மா நிக்கிறப்ப கரண்டே இல்ல, சிக்னல் குடுத்தா அலை நடுவுல பெரிய பள்ளம், ரெண்டு டிரான்சிஸ்டரும் கைமாத்துற இடத்துல ஒண்ணுமே வரல. கரகரப்புக்கு காரணம் கெடச்சிருச்சுன்னு அவனுக்கு ஒரே சந்தோஷம். பயாஸ் 0.145 வோல்ட்தான் இருக்கு, டிரான்சிஸ்டர் திறக்க 0.6 வேணும், அப்ப கீழ இருக்குற ரெசிஸ்டர 270 ஓம்ஸா மாத்துனா 0.65 வரும், முடிஞ்சது வேலைன்னு சால்டரிங் அயர்ன சூடு பண்ண ஆரம்பிச்சுட்டான்.

முதல் முடிவு: பயாஸ தொடுறதில்ல

ஐயா நிறுத்துனாரு. "தம்பி, உன் கம்ப்யூட்டர்ல கரண்டே போகலன்னு காட்டுது. இங்க விரல் சுடுது. ரெண்டுல எது நெசம்?"

"விரல் சுடுறதுதான்யா."

"அப்ப படத்த சரி பண்ணு, போர்ட தொடாத."

இந்தக் கேஸ்ல முக்கியமான முடிவு இதுதான்னு நான் நெனைக்கிறேன். காரணம் ரெண்டு. ஒண்ணு, சிமுலேட்டர் சொல்ற கோளாறும் மீட்டர் காட்டுற கோளாறும் எதிரெதிர் திசை. அங்க கரண்டு பத்தல, இங்க கரண்டு மிஞ்சிப் போகுது. அறிகுறி ரெண்டுக்கும் கரகரப்புங்கற ஒரே பேரு இருந்ததால ஒண்ணுன்னு தோணிருச்சு. ரெண்டாவது, ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் 0.15 வோல்ட் பக்கத்துலயே திறந்துரும், 0.6 எல்லாம் அதுக்கு ரொம்ப அதிகம்.

அந்த 270 ஓம்ஸ போட்டிருந்தா என்ன ஆயிருக்கும்னு பின்னாடி சரியான மாடல வச்சு ஓட்டிப் பாத்தோம். பேஸ் வோல்டேஜ் 0.65க்குப் போகவே போகாது, 0.3க்குக் கீழயே மாட்டிக்கும், மிச்ச கரண்டெல்லாம் பேஸுக்குள்ள எறங்கும், ரெண்டு டிரான்சிஸ்டரும் சேந்து சும்மா நிக்கிறப்பவே நூறு மில்லிஆம்புக்கு மேல இழுக்கும். ரெண்டும் போயிருக்கும். நல்ல பெல் ஏசி128 ஜோடி இப்ப எங்க போய்த் தேடுறது.

ஜெர்மேனியத்துக்கு மாடல் செஞ்சது

நெட்ல ஏசி128 மாடல் சிலது கெடைக்கும், ஒண்ணுக்கொண்ணு ஒத்துப் போகாது. அதுல ஆச்சரியமில்ல, டிரான்சிஸ்டரே ஒண்ணுக்கொண்ணு ஒத்துப் போகாது, டேட்டாஷீட்லயே கெயின் (கரண்ட எத்தன மடங்கு பெருக்கும்ங்கறது) 60ல இருந்து 175 வரைக்கும்னு விட்டிருக்கான். அதனால இந்த செட்டுல இருந்த ரெண்டையும் கழட்டி அளந்தாங்க. காலையில ரூம் 27 டிகிரி பக்கம் இருக்கறப்ப, கலெக்டர்ல 6 வோல்ட், பேஸ ஒரு பாட் (திருகி மாத்துற ரெசிஸ்டர்) வழியா ஏத்தி. 1 மில்லிஆம்புக்கு பேஸ் எமிட்டர் வோல்டேஜ் சுமார் 0.12, 10 மில்லிஆம்புக்கு சுமார் 0.18. பத்து மடங்குக்கு 60 மில்லிவோல்ட், புத்தகத்துல சொல்ற மாதிரியே. அளக்குறப்ப சீக்கிரம் அளக்கணும், பத்து மில்லிஆம்ப்ல விட்டுட்டு டீ குடிக்கப் போனா சூடாகி ரீடிங் நகந்துரும். தொடுற விரலோட சூட்டுக்கே மீட்டர்ல கடைசி இலக்கம் ஓடுனத நான் பாத்தேன்.

இந்த ரெண்டு புள்ளிய வச்சு ஐஎஸ், அதாவது மாடல்ல டிரான்சிஸ்டர் எந்த வோல்டேஜ்ல திறக்கும்னு முடிவு பண்ற கரண்டு, 9 மைக்ரோஆம்ப் பக்கம் வந்துச்சு. ஸ்பைஸ் நாம ஒண்ணும் சொல்லலன்னா அதுவா எடுத்துக்கிறது பத்தோட மைனஸ் பதினாறாவது அடுக்கு ஆம்ப், அதாவது கோடி கோடியாச் சின்னது, சிலிக்கானுக்கு ஏத்தது. கெயின் 90ன்னு வச்சாங்க.

இதோட நிறுத்தியிருந்தா 27 டிகிரியில எல்லாம் அழகா பொருந்தியிருக்கும், வெயில் கணக்கு மட்டும் தப்பாயிருக்கும். மாடல்ல ஈஜின்னு ஒண்ணு இருக்கு, குறைக்கடத்தியோட ஆற்றல் இடைவெளி. ஸ்பைஸ் தானா போட்டுக்கிறது 1.11, அது சிலிக்கான். ஜெர்மேனியத்துக்கு 0.67. இத மாத்தாம டெம்ப்பரேச்சர ஏத்துனா, ஒரு டிகிரிக்கு 2 மில்லிவோல்ட் எறங்க வேண்டிய பேஸ் வோல்டேஜ் மூணரை மில்லிவோல்ட் எறங்குற மாதிரி காட்டும். பயாஸே மொத்தம் 145 மில்லிவோல்ட்தான், அதுல பத்து டிகிரிக்கு 15 மில்லிவோல்ட் தப்புங்கறது கரண்டுல ஒண்ணே முக்கால் மடங்கு தப்பு. நெட்ல கெடைக்கிற ஜெர்மேனியம் மாடல் எடுத்தாலும் முதல்ல இந்த ஈஜி இருக்கான்னு பாத்துக்குறது நல்லது, தம்பி எறக்குனதுல ஒண்ணுல இல்லவே இல்ல.

இன்னொரு முடிவும் இங்க எடுத்தாங்க. டிரான்ஸ்ஃபார்மர் ரெண்டையும் மாடல் பண்றது பெரிய வேலை, சுத்து விகிதம் அளக்கணும், இண்டக்டன்ஸ் அளக்கணும், எல்டிஸ்பைஸ் இண்டக்டருக்கு தானா வெறும் ஒரு மில்லிஓம் தான் வச்சுக்கும், வைண்டிங் ரெசிஸ்டன்ஸ நாமதான் போடணும். தம்பிக்கு அதுல ஆசை. ஆனா கோளாறு வால்யூம் ஜீரோல இருக்குறப்பவே வருது, அதாவது டிசி கோளாறு, பாட்டு அலைக்கு அதுல பங்கு இல்ல. அதனால டிரான்ஸ்ஃபார்மர விட்டுட்டு வெறும் பயாஸ் ரெசிஸ்டர், ரெண்டு டிரான்சிஸ்டர், சப்ளை, இவ்வளவு மட்டும் வச்சு ஓட்டுனாங்க. முழு ரேடியோவையும் வரஞ்சு ஓட்டணும்ங்கற ஆசைய அடக்குனது நிறைய நேரத்த மிச்சம் பண்ணுச்சு.

வெயில் கணக்கு

ஸ்பைஸுக்கு நாம சொல்லாத வரைக்கும் உலகம் 27 டிகிரி, 300 கெல்வின். அதுமட்டுமில்ல, சாதாரண டிரான்சிஸ்டர் மாடல்ல சுயசூடு கெடையாது. அரை வாட்ட எரிச்சாலும் அந்த டிரான்சிஸ்டர் ரூம் சூட்டுலயேதான் இருக்கும். திருச்சியில மே மாசம் ஒரு மூடுன டப்பாவுக்குள்ள இருக்குற ஏசி128க்கு இது ரெண்டுமே பொருந்தாது.

வெறும் ரூம் சூட்ட மட்டும் ஏத்துனப்ப ஒம்போது டிகிரிக்கு ஒரு தடவை கரண்டு ரெட்டிப்பாச்சு. 27ல ரெண்டும் சேந்து 5 மில்லிஆம்ப், 37ல 11க்குக் கொஞ்சம் மேல. கூடுது, ஆனா நின்னுருது. நாம பாத்தது நிக்காம ஏறுறது. அப்ப சுயசூட்ட சேக்கணும்.

எல்டிஸ்பைஸ்ல ஒரு டிரான்சிஸ்டருக்கு மட்டும் தனியா டெம்ப்பரேச்சர் குடுக்கலாம். அத வச்சு கையாலயே சுத்துனாங்க: கரண்ட பாரு, 6 வோல்ட்டால பெருக்கு, வாட்டேஜ் வருது, அத டிகிரியா மாத்து, ரூம் சூட்டோட கூட்டி திரும்ப உள்ள குடு, புதுக் கரண்ட பாரு. ஏசி128 தனியா காத்துல நின்னா மில்லிவாட்டுக்கு 0.3 டிகிரி பக்கம் சூடாகும், இங்க கிளிப்பு மாட்டி தகட்டோட இருக்குறதால அதுல பாதின்னு வச்சுக்கச் சொன்னாரு ஐயா. அளந்த நம்பர் இல்ல அது, அனுபவ மதிப்பு.

வந்த கணக்கு இப்படி. டப்பாவுக்குள்ள 27 டிகிரின்னா ரெண்டும் சேந்து 6 மில்லிஆம்ப்ல நிக்குது. 32ல 11. 35ல 17. 36ல 21. 37 குடுத்தா நிக்கவே இல்ல, ஒவ்வொரு சுத்துக்கும் கூடிக்கிட்டே போகுது, தம்பி பேப்பர் முடியிற வரைக்கும் எழுதிட்டு பேனாவ வச்சுட்டான். கரண்டு கூடுனா சூடு, சூடு கூடுனா கரண்டு, 36க்கும் 37க்கும் நடுவுல எங்கயோ அந்த வட்டம் பிச்சுக்கிது. மிச்ச ரேடியோ இழுக்குற 8 மில்லிஆம்ப சேத்தா 27ல 14, காலையில மீட்டர் காட்டுன அதே நம்பர்.

அப்பதான் எல்லாருக்கும் அப்பத்தா சொன்னது ஞாபகம் வந்துச்சு. மார்கழி காலையில திருச்சி இருபது இருபத்திரண்டு, மே மத்தியானம் முப்பத்தெட்டு நாப்பது. எல்லை நடுவுல இருக்கு.

கணக்க போர்டுல சரிபாத்தது

கணக்கு பொருந்துதுங்கறதுக்காக நம்பிரலாமான்னா இல்ல. ஹேர் டிரையர குறைஞ்ச சூட்டுல வச்சு, டிரான்சிஸ்டர் கிளிப்பு பக்கத்துல சூடு அளக்குற ஒரு தெர்மோகப்பிள ஒட்டி, மெதுவா ஏத்துனாங்க. 32 பக்கம் அவுட்புட் ஜோடி 12 மில்லிஆம்ப், 35 பக்கம் 19. கணக்க விட கொஞ்சம் கூட, ஆனா போக்கு அதே. 37 தாண்டுனதும் டிரையர அணைச்சாலும் மீட்டர் ஏறுச்சு. ஸ்பிரிட்ல நனைச்ச பஞ்ச டிரான்சிஸ்டர் தலையில வச்சதும் சரசரன்னு எறங்குச்சு. ஐஎஃப் பக்கம், டிரைவர் பக்கம் எல்லாம் அதே மாதிரி சூடு காட்டிப் பாத்தாங்க, பெரிசா ஒண்ணும் அசையல. கோளாறு இருக்குற இடம் உறுதியாச்சு.

ஆனா இன்னொரு கேள்வி பாக்கி. கம்பெனி இப்படியா டிசைன் பண்ணியிருப்பான்? இந்தியாவுல விக்கிற செட்டு 37 டிகிரியில ஓடிப்போற மாதிரி யாரும் செய்ய மாட்டான். எமிட்டர்ல ரெசிஸ்டர் இல்லாம நேரா எர்த்துல குடுத்திருக்கான்னா சூட்டுக்கு வேற ஏதோ ஏற்பாடு வச்சிருக்கணும்.

ஐயா பேப்பர வாங்கி வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு பூச்சி தின்ன ஓரத்தையே பாத்தாரு. 130ன்னு பாதி அழிஞ்ச நம்பர், பக்கத்துல ஒரு சாய்ஞ்ச கோடு, அதோட முனையில சின்ன மைனஸ். ரெசிஸ்டர் படத்துக்குக் குறுக்க அந்தச் சாய்ஞ்ச கோடு வந்தா அது சாதா ரெசிஸ்டர் இல்ல, என்டிசி தெர்மிஸ்டர். 25 டிகிரியில 130 ஓம்ஸ், சூடு ஏற ஏற ஓம்ஸ் எறங்கும், பயாஸ் வோல்டேஜும் கூடவே எறங்கி கரண்ட பிடிச்சு நிறுத்தும்.

போர்டுல அந்த இடத்துல இருந்தது பிரவுன், ரெட், பிரவுன், 120 ஓம்ஸ் கார்பன் ரெசிஸ்டர். திருப்பிப் பாத்தா அந்தப் புள்ளி ரெண்டுலயும் ஈயம் வேற பளபளப்பு, ஃபிளக்ஸ் சுத்தியும் மஞ்சளா காஞ்சு கெடந்துச்சு. எப்பவோ யாரோ மாத்தியிருக்காங்க. மாத்துனவர குத்தம் சொல்றதுக்கும் எனக்கு மனசு வரல, 130 ஓம்ஸ் என்டிசி 27 டிகிரியில சரியா 120 பக்கம்தான் காட்டும், உடைஞ்ச தெர்மிஸ்டர மீட்டர்ல வச்சு அளந்துட்டு அதுக்கேத்த மாதிரி போட்டிருக்கலாம். இதோட விஷமமே அதுதான், ஆஃப் பண்ணி வச்சு எந்த பார்ட்ட அளந்தாலும் எல்லாம் சரியா இருக்கும்.

சிமுலேட்டர்ல 120க்குப் பதிலா டிகிரிக்கு நாலு சதவீதம் எறங்குற என்டிசிய போட்டு ஓட்டுனாங்க. 37ல அது 80 ஓம்ஸ் பக்கம் வருது, பயாஸ் 145ல இருந்து 119 மில்லிவோல்ட்டா எறங்குது. டிரான்சிஸ்டருக்குத் தேவை 20 மில்லிவோல்ட் எறக்கம், என்டிசி 26 எறக்குது. அந்த அதிகப்படி ஆறும் வேணும்னே வச்சதுதான்னு தோணுது, என்டிசி பாக்குறது காத்து சூடு, டிரான்சிஸ்டர் உள்ள அதை விட சூடா இருக்குமே.

என்ன மாத்துனாங்க, ஏன்

முதல் வழி அதே 130 ஓம்ஸ் என்டிசி. சென்னையில எலக்ட்ரானிக்ஸ் பார்ட் விக்கிற ரிச்சி தெருவுல இருக்குற தெரிஞ்ச பையன் மூலமா கேட்டுப் பாத்தாச்சு, கெடைச்சது 10 கிலோ ஓம்ஸ், இல்லன்னா பவர் சப்ளையில போடுற 5 ஓம்ஸ், 10 ஓம்ஸ் வட்டு. 54 ஓம்ஸ் இருக்குற இடத்துல 10 கிலோவ பேரலலா போட்டா இருக்குறதும் ஒண்ணுதான் இல்லாததும் ஒண்ணுதான்.

ரெண்டாவது வழி, ஐயாவோட டப்பாவுல கெடந்த கெயின் கம்மியான ஏசி128 ஒண்ண டயோடா மாத்துறது. பேஸையும் கலெக்டரையும் சேத்துக் கட்டி, கீழ இருந்த 100, 120 ரெண்டையும் எடுத்துட்டு அந்த இடத்துல போடணும். 2.2 கிலோ வழியா அதுல சுமார் 2.6 மில்லிஆம்ப் போகும், அதுல எழும்புற வோல்டேஜ்தான் பயாஸ். அதே ஜாதி ஜெர்மேனியம், அதனால சூட்டுக்கு அவுட்புட் டிரான்சிஸ்டர் எவ்வளவு எறங்குதோ இதுவும் அவ்வளவு எறங்கும். ஒரே நிபந்தனை, அதே தகட்டுல கிளிப்பு போட்டு ஒட்டணும், சும்மா போர்டுல தொங்கவிட்டா பிரயோஜனம் இல்ல.

தம்பிக்கு இதுல தயக்கம் இருந்துச்சு, தாத்தா செட்டு, ஒரிஜினலா இருக்கணும்னு. ஐயா சொன்ன பதில் சுருக்கம்: "120 ஓம்ஸும் ஒரிஜினல் இல்லப்பா." எடுத்த ரெசிஸ்டர ஒரு கவர்ல போட்டு, என்ன மாத்துச்சுன்னு எழுதி பின்மூடிக்குள்ள ஒட்டியாச்சு, நாளைக்கு 130 என்டிசி கெடைச்சா திருப்பிப் போட்டுக்கலாம்.

டயோடுக்கு டிரான்சிஸ்டர் பொறுக்குனதுல கொஞ்சம் யோசனை இருக்கு. 2.6 மில்லிஆம்ப்ல அவுட்புட் ஜோடிய விட சில மில்லிவோல்ட் கம்மியா காட்டுறத எடுத்தாங்க. கூட காட்டுறத போட்டா சும்மா நிக்கிற கரண்டு கூடும், நமக்குப் பயம் அந்தப் பக்கம்தான். கூடவே ரெண்டு எமிட்டரையும் சேத்து எர்த்துக்கு நடுவுல 2.2 ஓம்ஸ் ஒண்ணு. 4.7 போட்டா இன்னும் பத்திரம், ஆனா சத்தமா பாடுறப்ப 150 மில்லிஆம்ப் உச்சத்துக்கு 0.7 வோல்ட் அதுலயே போயிரும், 6 வோல்ட் செட்டுக்கு அது வலிக்கும். 2.2ல 0.33 வோல்ட்தான் போகுது. சிமுலேட்டர்ல ரெண்டையும் ஓட்டிப் பாத்துட்டுத்தான் சின்னத எடுத்தாங்க.

அதுக்கப்புறம்

காலையில சும்மா நிக்கிற கரண்டு 12 மில்லிஆம்ப், அதாவது அவுட்புட் ஜோடிக்கு 4. மத்தியானம் வெயில் உச்சியில மாடி ரூம்ல வச்சு அரை மணி நேரம் ஓட்டி, ஹேர் டிரையராலயும் 45 டிகிரி வரைக்கும் சூடு காட்டி, அப்பவும் மொத்தம் 14ஐத் தாண்டல. பேட்டரி கட்டை இப்ப மாசக்கணக்குல ஓடுது. அப்பத்தா மத்தியானம் சமையக்கட்டுல வச்சு கேக்குறாங்க, அது வீட்டுலயே சூடான இடம், வேற டெஸ்டு எதுவும் தேவைப்படல.

ஒண்ணு மட்டும் சரியாகல. ஆசிலோஸ்கோப்ல பாத்தா அலையோட மேல் பாதியும் கீழ் பாதியும் ஒரே உயரம் இல்ல, ஒரு ஏசி128க்கு கெயின் குறைஞ்சு போயிருக்கு, லீக்கேஜும் (மூடியிருக்குறப்பவும் கசியுற கரண்டு) ஜோடிய விட நாலு மடங்கு. இத்தன வருஷம் சூட்டுல வெந்ததோட தழும்பா இருக்கலாம், முதல்ல இருந்தே ஜோடி சேராததா இருக்கலாம். காதுக்குத் தெரியல, அதனால ஐயா மாத்த விடல.

அடுத்த தடவை என்ன மாறும்

கண்டன்சர் மாத்துறதுக்கு முன்னாடி கரண்ட அளக்கணும், அதுவும் ஒரு தடவை இல்ல, ஆன் பண்ணதும் ஒண்ணு, அரை மணி கழிச்சு ஒண்ணு, காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு, பக்கத்துல ரூம் டெம்ப்பரேச்சரும் எழுதணும். இந்த நாலு நம்பர் முதல் நாளே இருந்திருந்தா சிலிக்கான் மாடல் குழப்பம் நடந்தே இருக்காது, ஏன்னா கரண்டு மிஞ்சிப் போற கோளாறுன்னு பேப்பர்லயே இருந்திருக்கும்.

தம்பி தன் வழக்கத்த மாத்திக்கிட்டான். முன்னாடி சர்க்யூட் எப்படி ஓடணுமோ அப்படி வரஞ்சு, ஓடுதான்னு பாப்பான். இப்ப முதல்ல மீட்டர்ல வந்த தப்பான ரீடிங்க எழுதி வச்சுக்கிறான், சிமுலேட்டர்ல ஒவ்வொரு பார்ட்டா கெடுத்துப் பாக்குறான், கண்டன்சர லீக் ஆக்குறான், ரெசிஸ்டர மதிப்பு ஏத்துறான், டிரான்சிஸ்டர சூடாக்குறான், எத கெடுத்தா அதே தப்பான ரீடிங் வருதோ அங்க போய் போர்ட தொடுறான். ஜெர்மேனியம் செட்டுன்னா ஃபைல தொறந்ததும் முதல் வேலையா டெம்ப்பரேச்சர் 40ன்னு போட்டுட்டு, ஈஜி 0.67 இருக்கான்னு பாத்துட்டுத்தான் வரையவே ஆரம்பிக்கிறான்.

ஐயா சொன்ன திருத்தம் வேற. பழைய போர்டுல ஈயம் வேற நெறத்துல இருக்குற புள்ளி எல்லாத்தையும் மார்க்கர்ல வட்டம் போட்டுட்டுத்தான் அடுத்த வேலைங்கறாரு. இந்த செட்டுல நாங்க தொட்டது போக அப்படி மொத்தம் அஞ்சு இடம் இருந்துச்சு, ரெண்டு ஸ்பீக்கர் ஒயரு, ஒண்ணு பேட்டரி முனை, மிச்சம் ரெண்டும் அந்த 120 ஓம்ஸோட கால்.